வாசிக்கத் தெரிவதும் பிள்ளையின் உரிமைதான்: பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

கல்வி உரிமைச் சட்டம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இடம்தான். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கு அலைகிறோம். குலுக்கலில் பெயர் வந்ததா என்று பார்க்கிறோம். வரவில்லை என்றால் அந்தச் சட்டத்துக்கும் நமக்கும் இனி ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்த 25 சதவீதம் 12-ஆவது பிரிவுக்குள் வரும் ஒரு சின்னத் துணைப்பிரிவு. மற்ற பிரிவுகளில் பெரும்பாலானவை நம் தெருமுனையில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கும் அதில் படிக்கும் பிள்ளைக்கும் உரியவை. அவற்றைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. பிரிவு பிரிவாகச் சட்டப் பாடம் நடத்தினால் யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் பல வீடுகளில் கேட்கும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "என் பிள்ளை மூணாம் வகுப்பு. தினமும் பள்ளிக்கூடம் போகுது. ஆனா ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னா திணறுது. நான் என்ன பண்ணணும்?"

முதலில், உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2002-இல் 86-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்புச் சட்டத்தில் 21ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை என்று அது சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கடமை அரசின் தலையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளை வர வேண்டும், தொடர்ந்து வர வேண்டும், தொடக்கக் கல்வியை முடிக்க வேண்டும், கல்வி தரமாக இருக்க வேண்டும். இத்தனையையும் உறுதி செய்ய வேண்டியது அரசு. பெயரைப் பதிவேட்டில் ஏற்றியதோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

வாசலில் யாரும் தடுக்க முடியாது

சேர்க்கை சம்பந்தமான உரிமைகள் எளியவை. தெரிந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளி திறந்து மாதங்கள் கடந்துவிட்டன என்று சொல்லியும் அனுப்பக் கூடாது. சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வோ பெற்றோருக்கு நேர்காணலோ வைக்கக் கூடாது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கி, டி.சி. தர மறுக்கிறார்கள், அதனால் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறது என்ற கதையை எல்லா ஊரிலும் கேட்கலாம். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 5-ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். டி.சி. பஞ்சாயத்து பின்னால் நடக்கட்டும்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பும் பிள்ளைகளுக்கு 4-ஆவது பிரிவு முக்கியமானது. பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கே போனதில்லை என்றாலும் அதை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு 14 வயது தாண்டினாலும், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசக் கல்வி தொடரும்.

அடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், நாங்க கேக்க மாட்டோம்" என்று வாத்தியாரிடம் ஒப்படைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. உடலால் தண்டிப்பதும் மனதால் துன்புறுத்துவதும் 17-ஆவது பிரிவில் தடை. அப்படி ஓர் அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் பெற்றோருக்கே கிடையாது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். தப்பாகச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை வாயையே திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

சரி, நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவோம். பள்ளியிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். மதிப்பெண்ணும் கிரேடும் இதைச் சொல்லாது. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. சின்னக் குழந்தையை ஃபெயில் என்று சொல்லி அவமானப்படுத்தாத இந்த ஏற்பாடு நல்லது என்பதே என் கருத்து. ஆனால் "பாஸ் ஆகிட்டான்" என்பதை "படிக்க வந்துடுச்சு" என்று நாம் எடுத்துக்கொண்டால் ஐந்தாம் வகுப்பில்தான் உண்மை தெரியவரும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்தியா முழுவதும் 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் முறை இது: முதலில் தனி எழுத்துகள், அடுத்து எளிய சொற்கள், அடுத்து நாலைந்து வரி உள்ள ஒரு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. எந்தப் படியில் பிள்ளை தயங்குகிறதோ அதுதான் இப்போது அது நிற்கும் இடம். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு சொல் படியிலேயே நின்றால் உதவி தேவை என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தன் பாடப்புத்தகத்தை நீட்டினால் பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிடும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அல்லது பிள்ளை பார்த்தே இராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் ஊர்ப் பெயர், மாவுப் பாக்கெட் எது வேண்டுமானாலும் சரி. உங்களுக்கே எழுத்து தெரியாது என்றாலும் இதைச் செய்யலாம். வாசித்து முடித்ததும் "என்ன கதைடா அது, சொல்லு" என்று கேளுங்கள். புரிந்து வாசித்த பிள்ளை சொந்த வார்த்தையில் சொல்லும். எழுத்தை மட்டும் உச்சரித்த பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

தமிழ் வாசிப்பில் தடுக்கும் இடங்கள்

தமிழில் 247 எழுத்துகள் என்கிறோம். அத்தனையையும் தனித்தனிப் படமாக மனதில் ஏற்றிக்கொள்ளப் பார்க்கும் பிள்ளைதான் சீக்கிரம் சோர்ந்துபோகிறது. 12 உயிர், 18 மெய், ஒரு குறி மாறினால் ஒலி மாறும் என்ற ஒழுங்கு பிடிபட்ட பிள்ளை வேகமாக நகர்கிறது. அந்த ஒழுங்கிலும் சில மேடு பள்ளங்கள் உண்டு. 'கா' என்பதில் துணைக்கால் பின்னால் வருகிறது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலியில் ககரம்தான் முதலில். 'கொ' என்றால் இரண்டு பக்கமும். கண் இடமிருந்து வலமாகப் போக, நாக்கு வேறு வரிசையில் ஒலிக்க வேண்டியிருக்கிறது. உகர வரிசை இன்னொரு தொல்லை: கு, சு, து, பு, மு என்று எல்லாவற்றுக்கும் ஒரே குறியில்லை. உங்கள் பிள்ளை 'கொடி' என்பதைக் 'கெடி' என்று வாசித்தால் அது கவனக்குறைவு இல்லை. இடது பக்கத்துக் கொம்பைப் பார்த்துவிட்டு வலது பக்கத்துக் காலை விட்டிருக்கிறது. எங்கே விட்டது என்று விரலால் காட்டினால் அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். "மரத்தில்" என்ற சொல்லை ம, ர, த், தி, ல் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிக்கும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்துவிடுகிறது. அதற்கு எழுத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்வது மருந்தாகாது. சேர்த்துச் சொல்லிக் காட்ட வேண்டும்: "மர", அப்புறம் "மரத்", அப்புறம் "மரத்தில்". பிள்ளைக்கு ஏற்கெனவே நாக்கில் இருக்கும் சொற்களிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. பால், பாய், பாட்டி, பாப்பா என்று ஒரே எழுத்தில் தொடங்கும் வீட்டுச் சொற்கள், தம்பி பெயர், ஊர்ப் பெயர், ஆட்டுக்குட்டிக்கு வைத்த பெயர். இவற்றைச் சின்னச் சின்னத் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

நாம் பெரிதாக நினைக்காத இன்னொரு தடை இருக்கிறது. பிள்ளை பேசுகிற தமிழும் புத்தகத்தில் இருக்கிற தமிழும் வேறு வேறு. வீட்டில் "மழ பேஞ்சுது" என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் புத்தகத்தில் "மழை பெய்தது" என்று வந்தால், எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் பொருள் உடனே தட்டுப்படாது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சிரமம் குறைவு. அதனால் ஒரு பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டியூஷன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரலை வரியின் கீழ் ஓட்டிக்கொண்டே தினமும் பத்து நிமிடம் ஒரு கதை. நடுவில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று ஒரு கேள்வி. உங்களால் வாசிக்க முடியாவிட்டால் மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லி நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். அம்மா டி.வி.யை அணைத்துவிட்டுக் கதை கேட்க வருகிறாள் என்பதே பிள்ளைக்குப் பெரிய மரியாதை.

கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பல பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது, பீரோவுக்குள் பூட்டி இருக்கிறது. அழுக்காகிவிடும், கிழிந்துவிடும் என்ற பயம். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம், கிழியட்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லும் தைரியம் பெற்றோருக்கு வர வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழ்களும், வாசிப்பு இயக்கத்தின் கீழ் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த மெல்லிய புத்தகங்களும் வந்திருக்கின்றன. உங்கள் பிள்ளை கையில் அவை வருகின்றனவா என்று கேளுங்கள். ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் பிள்ளையையே உறுப்பினராக்கிவிடுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். செல்போனில் பார்ப்பதென்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

டீச்சரிடம் என்ன கேட்பது

அடுத்து பள்ளி. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நாம் கேட்பது ஒரே கேள்வி: "எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" அவர்களும் ஒரே பதில் சொல்வார்கள்: "பரவாயில்லைங்க, இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்." இரண்டு பேருக்கும் நேரம்தான் போகிறது.

இதற்குப் பதிலாகக் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்ததில் விட்டுப்போன அடிப்படைக் கல்வியை ஈடுகட்ட, தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிய வேண்டும் என்பது இலக்கு. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்த்து அதற்கேற்பப் பயிற்சி தருகிறார்கள். அரும்பு என்றால் எழுத்து அறியும் நிலை. மலர் என்றால் வகுப்புக்குரிய அளவில் வாசிக்கும் நிலை. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "டீச்சர், என் பொண்ணு இப்ப அரும்பா, மொட்டா? போன பருவத்துல எங்க இருந்தா? அடுத்த நிலைக்கு வர நான் வீட்ல என்ன செய்யட்டும்?"

இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி தருவதும், பெற்றோரை அடிக்கடி கூட்டி வருகை, கற்றல், முன்னேற்றம் பற்றிச் சொல்வதும் ஆசிரியரின் கடமைகள் என்று 24-ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அதே நேரம் ஆசிரியரின் நிலையையும் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம் சொல்லும் அளவு. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளை நடத்த வேண்டும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவர் பாடு திண்டாட்டம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. அதை ஆசிரியர் தனியாகக் கேட்டால் ஒரு குரல்தான். பெற்றோரும் சேர்ந்து கேட்டால் அதன் கனமே வேறு.

பள்ளி மேலாண்மைக் குழு

சேர்ந்து கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குத் தந்ததிலேயே பலமான கருவி இது என்பேன். 21-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பிள்ளைகள் எந்த அளவில் படிக்கிறார்களோ அந்த அளவில் அவர்களின் பெற்றோருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் தலைவர் பொறுப்பிலும் பெற்றோர்தான் இருக்கிறார். 2022-இல் மாநிலம் முழுக்க இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். இதைப் பழைய பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது சட்டப்படி அமைந்த குழு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது இல்லை.

குழுவின் வேலை பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது. காகிதத்தில் இவ்வளவு அதிகாரம். நடைமுறையில் பல ஊர்களில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வருகிறது, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்கிறார்கள், அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிடுகிறோம். கூட்டமே நடக்காமல் கூட்டம் நடந்ததாகிவிடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. "வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்று ஓர் அம்மா சொல்ல ஆரம்பித்தால் போதும், அடுத்த கூட்டம் பள்ளியில்தான் நடக்கும்.

கூட்டம் நடக்கும் ஊர்களிலும் பேச்சு கட்டடத்தைச் சுற்றியே போகும். கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், தண்ணீர் மோட்டார், சத்துணவுக் கூடத்துக் கூரை. இவை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெரிய பெண் குழந்தைகள் படிப்பை நிறுத்துவதைப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்ற பேச்சு கடைசி ஐந்து நிமிடத்துக்குக்கூட வருவதில்லை. அதைக் கொண்டுவருவது நம் வேலை. கேள்வி சுலபம்: "மூணாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்க? அதுல அரும்பு நிலையிலயே எத்தனை பேரு இருக்காங்க? போன கூட்டத்துல எத்தனை பேரு இருந்தாங்க?" யார் பெயரும் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அது குறைந்ததா என்று கேட்காமல் யாராலும் நகர முடியாது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதற்கும் ஒரு தீர்மானம். பூட்டிய புத்தக பீரோவுக்கும் ஒரு தீர்மானம்: வாரம் ஒரு நாள் பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போக வேண்டும், கணக்கு எழுத ஒரு பெற்றோர் வருவார்.

எழுத்து தெரியாத அம்மாக்கள் இந்தக் குழுவில் பேசத் தயங்குகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், கையோடு சைக்கிளும் கற்றார்கள். பயம் விட்டுப்போனது அங்கே நடந்த பெரிய விஷயம். இன்றும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் விசாரித்தால் மையம் எங்கே என்று சொல்வார்கள். அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் எழுத்துக்கூட்டும் வீடுகள் இருக்கின்றன, அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு முயன்றாலும் எழுத்து ஒட்டாது. வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்லும், விளையாட்டில் கெட்டி, கணக்கை மனதிலேயே போடும், வாசிக்கச் சொன்னால் மட்டும் நின்றுவிடும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அவை சரியாக இருந்தும் சிரமம் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. மந்தம், சோம்பல் என்று திட்டுவதால் தீராது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் வழியாக அவர்களைக் கேளுங்கள். சான்றிதழ் பெற்ற பிள்ளைக்குப் பின்னாளில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அந்தச் சட்டத்தில் 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி 14 வயதோடு முடிவதில்லை, 18 வரை தொடர்கிறது.

பள்ளியில் கேட்டும் காது கொடுக்கவில்லை என்றால் மேலே போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர், மேலாண்மைக் குழு, பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தார்கள், வேலைக்கு அனுப்பினார்கள், சின்ன வயதில் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது, அதனால் எழுதிக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் கல்வி உரிமை பற்றி எழுத்துமூலம் புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று 32-ஆவது பிரிவு சொல்கிறது. திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

புகார் மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, என்ன நடந்தது, எந்தத் தேதியில், யாரிடம் முன்பே சொன்னீர்கள், என்ன செய்து தர வேண்டும், அவ்வளவுதான். ஒரு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியாது என்றால் மேலாண்மைக் குழுவில் இருக்கும் இன்னொரு பெற்றோரையோ முன்னாள் மாணவரையோ எழுதித் தரச் சொல்லுங்கள். நிச்சயம் எழுதித் தருவார்கள். எழுதியதை ஒரு தடவை உங்கள் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.